நெஞ்சில் இரண்டு தட்டு

ஓகஸ்ட் 1, வெள்ளி

சோளகக் காற்று விட்டபாடில்லை. எழும்பும்போதே பல்லுக்குள் மணல். கொடியில் கிடந்த சட்டை பக்கத்து வீட்டு முருங்கையில்.

இன்று பாட்டு வெளியானது. ‘சுத்துது சோளகம்’. பாடியவர்: ஜெனி. ஞானஸ்நானப் பெயர் ஜெனற்றா. அது பழசாம், வசந்தண்ணை வெட்டிவிட்டார். பத்து வருடமாக இசைக்குழுவில் ஓரத்து மைக்கில் நின்று மற்றவர்களின் பாட்டைப் பாடியவள் நான். இது முதல் சொந்தப் பாட்டு. தனியாக, என் பெயரில். சந்தோசப்படத்தான் வேண்டும். வீடியோவைப் பார்த்தேன். குமட்டி ஓங்காளம் வந்தது.

ஏனென்றால்:
– வெள்ளி மினுக்குக் காற்சட்டை. செதில் எடுக்காத பாரை மீன்.
– இமைக்கு மேல் நீலம். யாரோ குத்தியது போல.
– கடற்கரையில் ஆடும்போது பின்னால் ஒரு நாய் குந்தியிருந்து தன் அலுவலைப் பார்க்கிறது. வெட்டச் சொன்னேன். “அது இயற்கை தங்கச்சி” என்றார் வ.
– சிரிப்பு. இந்தச் சிரிப்பு எங்கள் வம்சத்திலேயே இல்லை.

குரல் மட்டும் நன்றாக இருக்கிறது. வேறு யாரும் சொல்லப் போவதில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

வ. என்றால் வசந்தண்ணை. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் வீடியோ எடுப்பவர் அவர்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்கச் செத்தவீட்டை நேரலையில் அனுப்புவதும் அவர்தான். கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவு அறை. இசையும் அவர், படமும் அவர், ஆட்டம் சொல்லித் தந்ததும் அவர். ஒரே ஆளில் இவ்வளவு இருப்பது நல்லதற்கில்லை.

பாட்டில் ஒரு இடம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் மேளம் நிற்கும். ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வரும்: ஆரா-ஆரா-ரா. அப்போது நான் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உடனே மேளம் தலையில் விழும். எல்லோருக்கும் அந்த இடம்தான் பிடித்திருக்கிறது. அது கொம்பியூட்டர் சத்தம் என்றார் வ.

அம்மா போனை மிளகாய்ப் போத்தலில் சாத்தி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “உந்தக் காகம் கத்துற இடம் நல்லாயிருக்கடி.”

என் கூடப்பிறந்த அன்ரன் அண்ணைக்கு அனுப்பினேன், பதில் இல்லை. பிரான்சில் இப்போது வேலை நேரம்.


ஓகஸ்ட் 2, சனி

மருந்துக்கடை. அரை நாள் வேலை. பனடோல் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகள் இரண்டு என்னைக் கண்டதும் புத்தகப் பையோடு நெஞ்சில் தட்டின. முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “பிள்ளை, ஆட்டமெல்லாம் வெளியிலை.” ஆடியது நானா?

காதில் விழுந்தவை:
“குருநகர்ப் பெட்டையாம். துணிஞ்சதுகள்.”
“தேப்பன் செத்து ரெண்டு வருசம், இவ மினுக்கிக்கொண்டு நிக்கிறா.”
“குரல் வேறை ஆரோவாம். இவ வாயசைப்புத்தானாம்.”

கடைசியாகச் சொன்னவ பிரஷர் குளிசைக்கு வந்தவ. மிச்சக் காசை மேசையில் வைத்தேன், கையில் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

அண்ணை பார்த்திருக்கிறான். பார்த்த அடையாளம் விழுந்திருக்கிறது. ஒரு சொல் இல்லை.


ஓகஸ்ட் 3, ஞாயிறு

காலைப் பூசை. பூசை முடிய சுவாமியார்: “பாட்டுக் கேட்டனான். சத்தம் கொஞ்சம் கூட.” சத்தம் இல்லாத பாட்டு எது சுவாமி?

பின்னேரம் இணுவில் பக்கம் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு. வ. வீடியோ எடுக்கிறார், நான் ‘சிறப்பு விருந்தினர்’. வயதுக்கு வந்த பிள்ளையைப் படகு மாதிரிச் செய்த ஒன்றில் இருத்திப் புகை விட்டு இழுத்து வந்தார்கள். மண்டபத்துக்குள்ளேயே ட்ரோன். அவளுக்குப் பன்னிரண்டு இருக்கும். சேலைக்குள் வேர்த்து, மூக்கு நுனியில் பவுடர் கரைந்து வடிகிறது. அவளுக்குத் தேவை ஒரு கிளாஸ் தண்ணீர். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், வ. கையைக் காட்டினார், படத்துக்குள் வந்துவிட்டேனாம்.

பிறகு கனடாவிலிருந்து வந்த மச்சாள்மார் என் பாட்டுக்கு ஆடினார்கள். அந்த இடம் வந்தது. மண்டபம் முழுக்க, கிழவர்கள் உட்பட, நெஞ்சில் இரண்டு தட்டு. வ. கமராவுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணடித்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தேன்.


ஓகஸ்ட் 4, திங்கள்

மத்தியானம் அண்ணை போன் எடுத்தான். சாப்பாட்டு நேரம், கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கதைத்தேன். பாட்டு எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.

“ஜெனி, அந்தச் சத்தம் என்னெண்டு தெரியுமோ உனக்கு?”

“எது?”

“நீ நெஞ்சிலை தட்டுற இடம்.”

“கொம்பியூட்டர் சத்தம் எண்டு வசந்தண்ணை சொன்னவர்.”

“அம்மா.”

எனக்கு விளங்கவில்லை. அம்மாவோடு கதைக்கக் கேட்கிறான் என்று நினைத்து, அம்மா வீட்டில் என்றேன்.

“அந்தச் சத்தம் அம்மா. அப்பாவின்ரை பெட்டி மூடேக்கை ‘என்ரை ராசா’ எண்டு கத்தினவ. அதை வேகமாக்கி, மேலை இழுத்து, வெட்டிப் போட்டிருக்கிறான். நான் பிழைவிடமாட்டன் ஜெனி. எனக்கு அப்பாவின்ரை செத்தவீடு எண்டா அந்த வீடியோதான். நீங்களெல்லாம் அங்கை நிண்டனீங்கள். நான் அறைக்குள்ளை போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். எத்தினை தரம் பாத்திருப்பன் எண்டு நினைக்கிறாய்?”

இருமல் மருந்துப் பெட்டி ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்தச் சத்தத்தைத் தூக்கச் சொல்லு. தூக்காட்டி என்னோடை கதைக்காதை. அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா.”

சொல்லமாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே கேட்கிறது. ஆரா-ஆரா-ரா. அம்மா மீன் வெட்டிக்கொண்டு போனைப் பாடவிட்டிருக்கிறார். காலும் தாளம் போடுகிறது.


ஓகஸ்ட் 5, செவ்வாய்

கடைக்கு லீவு. அம்மா சந்தைக்குப் போன நேரம் அப்பாவின் செத்தவீட்டு வீடியோவைப் போட்டேன். இதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. பெட்டி மூடும்போது நான் மயங்கி விழுந்துவிட்டேன், அறைக்குள் தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் சேமக்காலைக் குழியில் போட்ட மண்தான்.

அண்ணை சொன்னது சரி. அம்மா நிமிர்ந்து நேரே கமராவைப் பார்க்கிறார். “என்ரை ராசா.” நெஞ்சில் அடிக்கிறார்.

இரண்டு தரம்.

எனக்கு ஆட்டம் சொல்லித் தரும்போது வ. சொன்னது: “இந்த இடத்திலை நெஞ்சிலை ரெண்டு தட்டு. வலக் கையாலை. விரலை விரிச்சுப் பிடியும்.” அம்மாவின் வலக் கை. விரித்த விரல். மனிசன் சத்தத்தை மட்டும் எடுக்கவில்லை, கையையும் எடுத்திருக்கிறார். அந்தக் கையை மினுக்குக் காற்சட்டையோடு நான் ஆடிக் காட்ட, இணுவிலில் கனடாக்காரர் ஆட, பள்ளிப் பிள்ளைகள் பையோடு ஆட. குசினித் தொட்டியில் வாந்தி எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன், சொல்லுக்கு எழுதவில்லை.

நேரே ஸ்ரூடியோ. வ. யாருடையதோ கலியாண அல்பத்துக்கு மேல் வைத்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். மறுக்கவே இல்லை. எண்ணெய் விரலைச் சூப்பிக்கொண்டு சொன்னார்:

“உதென்ன பெரிய விசயமே? எங்கடை கமரா, எங்கடை மைக். விலைக்கு வாங்கிற சத்தம் செத்த சத்தம் தங்கச்சி. இதிலை உயிர் இருக்கு. சனம் ஏன் ஆடுதெண்டு நினைக்கிறீர், உம்மடை குரலுக்கோ?”

“அது என்ரை அம்மா அழுதது.”

“அதுதான் சொல்லுறன், வெளி ஆள் இல்லையே. வேணுமெண்டா பேர் போடுவம். ‘கூடுதல் குரல்: அம்மா’. வடிவாயிருக்கும்.”

பகிடி இல்லை. மெய்யாகவே போடுவார்.

தூக்கச் சொன்னேன். தூக்கினால் இவ்வளவு பேர் பார்த்த கணக்கு எல்லாம் போய்விடுமாம், என் எதிர்காலமும் போய்விடுமாம். ஞாயிறு பூசை முடிய கோயில் வாசலில் நின்று சொல்லுவேன் என்றேன்: செத்தவீட்டில் அழுகிற சத்தத்தை எடுத்து ஆட்டப் பாட்டுக்குப் போடுகிற ஆள் இவர், இனி யார் வீட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இவரை விடப் போகிறீர்கள் என்று. கை நின்றது. ரோல்ஸைக் கீழே வைத்தார். குருநகரில் செத்தவீடு இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை.

“சரி, சத்தத்தை மாத்துவம். அவசரப்படாதையும்.”


ஓகஸ்ட் 7, வியாழன்

காற்று. கடலில் ஒருவரும் இறங்கவில்லை. மீன் விலை கேட்க ஏலாது.

அம்மா பாட்டைப் போனின் அழைப்பு மணியாக வைத்திருக்கிறார். சந்தையில் யாரோ பெடியன் போட்டுக் கொடுத்தானாம். முழுப் பாட்டும் இல்லை. அந்த இடம் மட்டும்.

காலையில் பெரியம்மா எடுத்தார்: ஆரா-ஆரா-ரா. காஸ்காரன்: ஆரா-ஆரா-ரா. ஒவ்வொரு தரமும் அம்மா முகம் மலர்ந்து, கையைத் துடைத்து, கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும்.

“அம்மா, உதை மாத்துங்கோ.”

“ஏன்? என்ரை மேளின்ரை பாட்டு.”

சோறு இறங்கவில்லை. கடையில் குமட்டலுக்கு என்று ஆட்கள் கேட்கிற குளிசை ஒன்றை நானே எடுத்துப் போட்டேன். வேலை செய்யவில்லை. வயிற்றுக் குமட்டலுக்குத்தானே அது.


ஓகஸ்ட் 9, சனி

கடை முடிய ஸ்ரூடியோ. வ. கண்டுபிடித்த வழி: சத்தத்துக்குப் பதில் சத்தம். “நீரே அழும். அதே அளவிலை, அதே இடத்திலை போடுறன். பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசை ஏத்துவம். வெறும் மேளமெண்டா பாட்டுப் படுத்திடும்.”

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் என்று இப்போது எழுத உட்கார்ந்தால் ஒரு பதில்தான் வருகிறது: பாட்டு படுத்துவிடக்கூடாது என்று எனக்கும் இருந்தது. பத்து வருடம் ஓரத்து மைக். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

ஒலிப்பதிவு அறை. சுவரில் பழைய மெத்தைப் பஞ்சு, வேர்வை நாற்றம், மைக்கில் முன்பு பாடியவரின் வெற்றிலை. காதில் மேளம். மேளம் நின்றது. “என்ரை ராசா” என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, பள்ளிக்கூட நாடகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து: “இன்னொருக்கா. அப்பாவை நினையும்.”

நினைத்தேன். அப்பா தோணியில் இருந்து இறங்கி, சாரத்தை உதறி, எனக்கு என்று ஒதுக்கி வைத்த நண்டைத் தூக்கிக் காட்டுவது. சிரிப்பு நின்றது, அழுகை வரவில்லை.

“இன்னொருக்கா.”

நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தேன். இரண்டு காதையும் மூடிய ஹெட்போன், கழுத்தில் தேர்ச் சங்கிலி கணக்கில் ஒரு சங்கிலி, வாய் ஏதோ சப்புகிறது, பெருவிரலைத் தூக்கித் தயார் என்கிறார். அருவருப்பு அடிவயிற்றிலிருந்து ஏறியது. அப்போது வந்தது. கத்தினேன். நெஞ்சில் அடித்தேன், மைக் அதிர்ந்தது.

“அப்பிடியே நில்லும்! அருமை! பாத்தீரே, இருக்குது உமக்குள்ளை.”

வெளியே வந்து போட்டுக் காட்டினார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. குரல் எங்கே உடைந்தால் நன்றாக இருக்கும் என்று தெரிந்து அங்கே உடைந்திருக்கிறது.


ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

அம்மா பூசையால் வரும்போது கணவாய் வாங்கி வந்தார். கிணற்றடியில் இருந்து கழுவினோம். அம்மா உள்ளிருக்கும் வெள்ளை ஓட்டை உருவுவார், நான் தோலை உரிப்பேன். கை எல்லாம் மை. போன் மதிலில் இருந்து அடித்தது. ஆரா-ஆரா-ரா. கை அழுக்கு என்று அம்மா எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணைக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் முடிந்தது.

“அம்மா, உது காகம் இல்லை.”

“பின்னை?”

“நீங்கள். அப்பாவின்ரை பெட்டி மூடேக்கை நீங்கள் அழுதது. வசந்தண்ணை வீடியோவிலை இருந்து எடுத்து வேகமாக்கிப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது அம்மா. அண்ணைதான் கண்டுபிடிச்சவன்.”

அம்மா கையில் இருந்த கணவாயின் ஓட்டை உருவி எறிந்தார். அடுத்ததை எடுத்தார்.

“எந்த அழுகை?”

“என்ன, எந்த அழுகை? ‘என்ரை ராசா’ எண்டு நெஞ்சிலை அடிச்சது.”

“கமராவைப் பாத்துக்கொண்டோ?”

“ஓம்.”

“அப்ப அது ரெண்டாந்தரத்து.”

எனக்குக் கேட்டது விளங்கவில்லை. அம்மா கணவாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதுகிறேன்.

“நீ மயங்கி விழுந்திட்டாய். உன்னை அறைக்குள்ளை தூக்கிக்கொண்டு போட்டினம். பெட்டி மூடியாச்சு. திருகாணி பூட்ட வெளிக்கிட, உவன் வசந்தன் ஓடிவாறான். ‘அம்மா, லைன் விட்டுப்போச்சு. அன்ரன் பாக்கேல்லை. இன்னொருக்கா’ எண்டான். மூடின பெட்டியைத் திரும்பத் திறப்பிச்சவன். உன்ரை கொப்பரைப் பாத்தன். அழுகை வரேல்லையடி. முதல்தரமே அவ்வளவும் முடிஞ்சுபோச்சு. கொண்ணை அன்ரன் பாத்துக்கொண்டு இருக்கிறான், தகப்பனுக்கு ஆரும் அழேல்லை எண்டு நினைக்கப்போறான் எண்டு கத்தினன். கமராவைப் பாக்கச் சொன்னான், பாத்தன். நெஞ்சிலையும் அடிச்சன். நல்லாத்தான் அடிச்சன்.”

தண்ணீர் அள்ளி ஊற்றினேன். மை ஓடியது.

“கொப்பற்றை கன்னச் சொக்கிலை ஒரு ஈ இருந்தது. கலைக்கவேணும் போலை கிடந்தது. கையை எடுத்தா அழுகை குழம்பிப்போகும் எண்டு விட்டிட்டன்.”

இவ்வளவு நாளும் வ. மேல், காற்சட்டை மேல், மண்டபத்துக் கிழவர்கள் மேல் என்று பங்கு பங்காக இருந்த அருவருப்பு. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போது தெரியவில்லை. அம்மா மேல் வைக்க முடியாது. வைத்தால் நேற்று அந்த அறைக்குள் நின்றவள் மேலும் வைக்க வேண்டும்.

நேற்று நடந்ததையும் சொன்னேன். இன்னொருக்கா என்றதை, மூன்றாம் தரம் கத்தியதை.

“வந்ததோ?” என்று கேட்டார்.

“வந்தது.”

“வரும்” என்றார்.

கணவாயைச் சட்டியில் அள்ளிக்கொண்டு எழும்பினார். குசினி வாசலில் நின்று, திரும்பாமல்:

“பாட்டை என்னவும் செய். கொண்ணைக்கு மட்டும் உதைச் சொல்லிப்போடாதை.”

மத்தியானம் போன் அடித்தது. பழைய ட்ரிங் ட்ரிங். மாற்றிவிட்டார்.


ஓகஸ்ட் 11, திங்கள்

காற்று கொஞ்சம் குறைவு. கடை. காதில் விழுந்தவை ஒன்றும் எழுதவில்லை.

வ. பழசைத் தூக்கிவிட்டார், புதுசு ஏறியது. ‘புதிய கலவை’ என்று பெயர் வைத்திருக்கிறார். வித்தியாசம் பிடித்தவர் ஒருவரும் இல்லை. கீழே ஒரு ஆள்: ‘இந்தச் சத்தம் முந்தினதை விட உருக்கம்’.

சத்தமே இல்லாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். இன்றைக்குத்தான் தோன்றுகிறது.


ஓகஸ்ட் 13, புதன்

விடிய நாலு துளி மழை. மண் மணந்தது, உடனே காய்ந்தது. செய்ய வேண்டியவை: கரண்ட் பில், அம்மாவுக்குக் கண் துளி மருந்து, மினுக்குக் காற்சட்டையை வ.விடம் திருப்பிக் கொடுப்பது.

பின்னேரம் அண்ணை எடுத்தான். கையில் வெங்காயம், போனை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா அடுப்படியில். சந்தோசக் குரல். பழைய அண்ணை.

“பாத்தன். தூக்கிப்போட்டாய், நல்லது. அம்மாவுக்குச் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை அண்ணை.”

அம்மா அகப்பையால் குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

“புதுசிலை அழுறது நீயோ?”

“ஓம்.”

“குறை நினையாதை ஜெனி, கேட்ட உடனை தெரியுது. நடிப்பு. பாட்டுக்குக் காணும், ஆக்களும் ஆடுவினம். ஆனா அழுகையெண்டா அம்மா அழுததுதான். அப்பிடி ஒருத்தராலும் நடிக்க ஏலாது. எனக்கு விசர் பிடிக்கிற நாளிலை அந்த இடத்தை மட்டும் போட்டுப் பாப்பன். அம்மா என்னை நேரை பாத்து அழுறா. நானும் அங்கை நிண்டமாதிரி இருக்கும். விளங்குதோ?”

“ஓம் அண்ணை” என்றேன்.

அம்மா தண்ணீர்ப் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டார்.